நாயின் உடலில் வாழும் புழுக்கள்

தக்காணத்தின் வறண்ட தாலுகாக்களில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் தங்கர் வகுப்பினர், மழைக்காலம் முடிந்து தீபாவளியும் கழிந்தபின் தம் மந்தைகளை ஓட்டிக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்படுவது நெடுங்கால வழக்கம். பாராமதி, பல்தண் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து கிளம்பி, புனே மாவட்டத்தின் வழியாக நடந்து, மலைத்தொடரைக் கடந்து கொங்கணத்தை அடைவர். அடுத்த பருவமழைக்கு முன் திரும்புவர். வழியில் அறுவடையான நிலங்களில் ஆடுகளைக் கிடை அமர்த்துவர்; ஆட்டெருவுக்கு ஈடாக நிலத்தார் தானியம் அளப்பர். நம் இராமநாதபுரம் சீமையில் கீதாரிகள் கிடை போடுவதைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமக்கும் குதிரைகளும் பெண்டு பிள்ளைகளும் முன்னே செல்ல, மந்தையின் ஓரமாக இரண்டொரு நாய்கள் நடந்து செல்லும். அப்பகுதிப் புல்வெளிகளில் இன்றும் ஓநாய் உண்டு. ஆகவே இடையனுக்கு நாய் அலங்காரப் பொருளன்று. ஆட்டைப் போலவே அதுவும் அவன் முதலீடு.

வழியில் ஓர் ஆடு இறந்துபோனாலும், விழாவுக்காக ஒன்று அறுக்கப்பட்டாலும், இறைச்சி மனிதர்க்குப் போகும். உண்ணத் தகாதெனத் தள்ளிய ஈரலும் நுரையீரலும் நாய்க்குப் போகும். இயல்பானதும் சிக்கனமானதுமாகத் தோன்றும் இச்செயலில்தான் நாம் இங்கு ஆராயப் புகும் அபாயங்களுள் மிகப் பெரியது மறைந்திருக்கிறது. ஆட்டின் ஈரலில் கோலிக்குண்டு அளவிலோ எலுமிச்சம்பழ அளவிலோ, தெளிந்த நீர் நிரம்பிய வெண்ணிறக் கொப்புளங்கள் சில வேளைகளில் காணப்படும். கறிக்கடைக்காரர் அவற்றை அறுத்து எறிவார். கடை வாயிலில் காத்திருக்கும் நாய் அதனைக் கவ்விக்கொள்ளும். அக்கொப்புளத்தின் உட்சுவரில் மணல் போல் படிந்திருக்கும் நுண்ணிய துகள் ஒவ்வொன்றும் ஒரு நாடாப் புழுவின் தலையாகும்.

இக்கட்டியை ஆங்கில மருத்துவ நூல்கள் 'ஹைடாடிட்' என்று வழங்குகின்றன. நீர்க்குமிழ் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் 'நீர்க்கட்டி' என்று எழுதினால் வேறு பல கட்டிகளும் அப்பெயருக்குள் அடங்கிவிடுமாதலால், இக்கட்டுரையில் 'புழுநீர்க்கட்டி' என்றே வழங்குவோம். கட்டியை உண்ட நாயின் சிறுகுடலில் அத்தலைகள் பற்றிக்கொண்டு வளர்கின்றன. முழு வளர்ச்சி பெற்ற புழு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. மூன்று நான்கு கணுக்களுக்கு மேல் இராது. நாடாப் புழு என்றவுடன் முழக்கணக்கில் நீண்ட புழுவை எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும். ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் மெலிவதில்லை, இருமுவதில்லை, வயிறு கழிவதுமில்லை. பார்ப்பதற்கு நல்ல உடல்நலத்தோடு வாலாட்டி வரும் அந்நாய், கட்டியை உண்ட ஆறு ஏழு வாரங்களுக்குப் பின் மலத்தோடு முட்டைகளை வெளியேற்றத் தொடங்குகிறது. அம்முட்டைகள் புல்லில் படிந்தால் ஆட்டையும் மாட்டையும் எருமையையும் அடைகின்றன. நாயின் மயிரில் ஒட்டிக்கொண்டு குழந்தையின் விரலுக்கு வந்தால், அக்குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே கட்டி வளர்கிறது. அது வளர ஆண்டுகள் பல ஆகும். உள்ளே கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி நேரக்கூடும். சிதறிய துகள்கள் புதிய கட்டிகளாக முளைப்பதும் உண்டு. இந்தியாவில் ஆந்திரம், தமிழ்நாடு, காஷ்மீர் முதலிய பகுதிகளிலிருந்து இந்நோய் பற்றிய மருத்துவக் குறிப்புகள் நெடுங்காலமாக வெளிவந்துகொண்டிருக்கின்றன.

ஆட்டின் கட்டியும் நாயின் புழுவும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதை ஜெர்மானிய விலங்கியலறிஞர் ஸீபோல்ட் 1850-களின் தொடக்கத்தில் கட்டிகளை நாய்களுக்கு ஊட்டிப் பார்த்து நிலைநாட்டினார். அவ்வறிவை ஒரு நாடு முழுவதும் பயன்படுத்திக் காட்டியது வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்துத் தீவு. ஆடுகளும் நாய்களும் மனிதரும் குளிர்காலத்தில் ஒரே பண்ணை வீட்டில் நெருங்கி வாழ்ந்த அந்நாட்டில் புழுநீர்க்கட்டி நோய் ஒரு தேசியத் துன்பமாகவே இருந்தது. 1863-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து சென்ற ஹரால்ட் கிராபே என்னும் அறிஞர் 100 நாய்களை அறுத்துச் சோதித்தார். அவற்றுள் 28 நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டே அவர் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள், எரித்தோ புதைத்தோ விடுங்கள், நாய்க்கு மருந்து கொடுங்கள் என்பன அதன் சாரம். அரசாங்கம் அதனை அச்சிட்டு நாட்டின் ஒவ்வொரு வீட்டிற்கும் இலவசமாக வழங்கியது. நீண்ட குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கம்பளி பின்னிக்கொண்டே கேட்பது அந்நாட்டு வழக்கம். எழுத்தறிவு மிக்க அம்மக்கள் அப்பிரசுரத்தையும் அவ்வாறே படித்தனர். பின்னர் 1890-இல் நாய்களுக்குக் கட்டாயமாக மருந்தளிக்கும் சட்டமும் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் ஐஸ்லாந்திலிருந்து மறைந்தே போயிற்று. புதிய மருந்துகள் எவையும் கண்டறியப்படாத காலத்திலேயே நோயின் வேகம் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஒரு சிறு நூலும் அதனைப் படிக்கத் தெரிந்த மக்களும் செய்த வேலை அது.

நியூசிலாந்தும் டாஸ்மேனியாவும் பிற்காலத்தில் அதே பாதையில் சென்றன. நியூசிலாந்தில் 1959-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நாயுடையோர் குறித்த நாளில் குறித்த இடத்திற்குத் தம் நாய்களைக் கொண்டுவந்து பேதி மருந்து கொடுக்கச் செய்து, மலத்தைச் சோதனைக்கு விடவேண்டும் என்பது ஏற்பாடு. அப்பேதி மருந்து எது என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தி. அதன் பெயர் அரிகோலின். நம் தாம்பூலத் தட்டிலுள்ள பாக்கிலிருந்து எடுக்கப்படும் சத்து அது. பாக்குத் தூளை நாய்களின் நாடாப் புழுவுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் கிழக்கிலும் மேற்கிலும் பழமையானது. புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்து, நாயின் குடலைக் கடுமையாக இயக்கி, பற்று விட்ட புழுவை வெளியே தள்ளுவது அம்மருந்தின் வேலை. எனினும் அளவு சிறிது மிகுந்தால் நாய் வாந்தியெடுத்து மயங்கி வீழும். சில வேளைகளில் இறந்தும் போகும். ஆகவே வீட்டில் பாக்கை இடித்துப் பார்க்க எவரும் முற்பட வேண்டா. 1970-களில் வந்த பிரேசிகுவாண்டல் என்னும் மருந்து அதனைப் பின்தள்ளிவிட்டது. நாயின் எடையில் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே வேளை கொடுத்தால் குடலிலுள்ள இந்நாடாப் புழுக்கள் அழிகின்றன. மீண்டும் கட்டியை உண்ண வாய்ப்புள்ள நாய்க்கு, புழு முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்கு முன்பே, ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுப்பது முறை. நியூசிலாந்து 2002-இல் தற்காலிகமாக நோய் நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டது. டாஸ்மேனியா அதற்கு முன் 1996-இலேயே அந்நிலையை எட்டியது. ஆடுகளுக்கான தடுப்பூசியொன்றும் 1990-களில் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய அறிஞர்களின் கூட்டு முயற்சியால் உருவாயிற்று.

நம் நாட்டில் அத்தகைய சட்டத்தை அப்படியே கொண்டுவர இயலாது. அங்கே நாய் ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவர் உண்டு. இங்கே தெருநாய்க்கு ஊரே உடையது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தெருநாய்கள் பற்றிப் பிறப்பித்த உத்தரவில், பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வதோடு புழுநீக்க மருந்தும் அளிக்கவேண்டும் எனக் கூறப்பட்டது. எனினும் ஒருமுறை அளிக்கும் மருந்தின் பயன் சில வாரங்களே நிற்கும். மறுநாளே கறிக்கடை வாயிலில் கட்டியுள்ள ஈரல் கிடைக்குமாயின் சுழற்சி மீண்டும் தொடங்கிவிடும். ஆதலால் இந்திய நிலைமையில் மாத்திரையைக் காட்டிலும் குழி முக்கியமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இறைச்சிக்கூடம் இல்லாத சிற்றூரில், கழித்த உறுப்புகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கவோ எரிக்கவோ செய்தால் போதும். நாய்க்குக் கொடுத்தே ஆகவேண்டுமெனின் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் நன்கு கொதிக்கவைத்த பின்னரே கொடுக்கலாம். தங்கர் கூட்டங்கள் கிடை அமர்த்தும் ஊர்களிலும் கீதாரிகளின் ஊர்களிலும் பணிபுரியும் கால்நடை ஊழியர்கள் இதனை வாய்மொழியாகவே விளக்க வேண்டியிருக்கும். ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர்க்குப் பிரசுரம் எட்டாது.

புனே நகருக்கும் கால்நடை விஞ்ஞானத்திற்கும் பழைய உறவு உண்டு. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இன்று இஸத்நகரில் இருந்தாலும், 1889-ஆம் ஆண்டு டிசம்பரில் அது பிறந்தது அன்றைய பூனாவின் விஞ்ஞானக் கல்லூரிக் கட்டடத்தில்தான். கொடிய கிருமிகளை வைத்துக்கொண்டு மக்கள் நெருங்கி வாழும் நகரில் ஆராய்ச்சி செய்வது தகாதெனக் கருதப்பட்டு, 1893-இல் அது குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. இப்போது அந்நகரில் நாய் வளர்ப்போர் தொகை பெருகிவிட்டது. காலையில் குன்றுகளின் மேல் உலாவச் செல்வோருள் பலர் கையில் நாயைப் பிடித்துச் செல்கின்றனர். இடையனின் நாயைப் போல ஈரல் தின்னாத இந்த வீட்டு நாய்களுக்கு வேறு புழுக்கள் காத்திருக்கின்றன.

அவற்றுள் முதலாவது உருண்டைப் புழு. பால்குடி மறவாத குட்டியின் வயிறு பானை போல் உப்பி, மயிர் மங்கி, வாந்தியில் சேமியா போன்ற வெண்புழுக்கள் வந்து விழுந்தால், "குட்டி மண் தின்றது" என்று சொல்லுவார்கள். உண்மையில் பெரும்பாலான குட்டிகள் பிறப்பதற்கு முன்பே இப்புழுவைப் பெற்றுவிடுகின்றன. தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் சினைக்காலத்தின் ஆறாவது வாரத்திற்குப்பின் விழித்தெழுந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவின் ஈரலை அடைகின்றன. பிறந்தபின் பால் வழியாகவும் சில செல்கின்றன. அங்கிருந்து நுரையீரல், மூச்சுக்குழாய், தொண்டை எனச் சுற்றிக் குட்டியின் குடலை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இலட்சம் முட்டைகள் வரை இட வல்லது. தாய் நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து தசையில் உறங்கும் புழுவை எட்டாது. தாய்க்குத் தவறாமல் மருந்து கொடுத்தும் குட்டிகள் எல்லாம் புழுவோடு பிறந்தனவே என்று வியப்போர்க்கு இதுவே விடை. ஆதலின் குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கி, எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தொடர வேண்டும். அதே நாட்களில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். பைரன்டெல், பென்பெண்டசோல் என்பன இதற்கு வழங்கும் மருந்துகள்.

இப்புழு மனிதக் குடலில் வாழாது. ஆனால் அதன் முட்டை குழந்தையின் வாய்க்குள் சென்றால், இளம்புழு வெளிப்பட்டு வழி தெரியாமல் உடலெங்கும் திரிகிறது. 1950-இல் ஹெலனார் வைல்டர் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், புற்றுநோய் போன்ற ஐயத்தால் அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்கள் 46-ஐ நுண்பெருக்காடியில் ஆராய்ந்தபோது, அவற்றுள் 24 கண்களில் உருளைப் புழுவின் இளம்பருவத்தையோ அதன் எச்சத்தையோ கண்டார். கண்ணைக் கெடுத்தது புற்று அன்று, புழு. இரண்டு ஆண்டுகள் கழித்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் பீவர் என்பாரும் அவர்தம் துணைவரும், ஈரல் வீங்கிய குழந்தைகள் மூவரின் நோய்க்கு நாயின் உருண்டைப் புழுவே காரணம் எனக் காட்டினர்.

இங்கே அச்சத்தைக் குறைக்கும் ஒரு விவரமும் உண்டு. புதிதாக இட்ட மலத்தில் உள்ள உருண்டைப் புழு முட்டை உடனே தீங்கு செய்யாது. தக்க சூடும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து பக்குவப்பட்டால்தான் நோய் தரும். அன்றாடம் மலத்தை அள்ளி அகற்றுகிறவர் வீட்டில் அம்முட்டைக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. குழந்தை குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதைவிட, பழைய மலம் மக்கிக் கிடக்கும் மணலில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் உண்பதே பெரிய அபாயம். பள்ளிக்கூடத்து மணல் திட்டை இரவில் நாய்கள் வந்து படுக்காதபடி மூடிவைப்பது இதனாலேயே. முன்னர்க் கூறிய புழுநீர்க்கட்டிப் புழுவின் முட்டையோ இதற்கு மாறானது. அது வெளிவந்த கணத்திலேயே நோய் தரும் ஆற்றல் உடையது. எனவே, நாய் மலத்தை உப்புக் கரைசலில் கலக்கி மிதக்கும் முட்டைகளை நுண்பெருக்காடியில் காணும் எளிய சோதனையைச் சில பாடநூல்கள் விவரித்திருந்தாலும், அதனை வகுப்பறையில் செய்துகாட்ட எண்ணும் ஆசிரியர் அவ்வெண்ணத்தைக் கைவிட வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து பெற்ற கண்ணாடித் தகடுகளே போதும்.

குட்டிகளைக் கொல்வதில் உருண்டைப் புழுவைவிடக் கொடியது கொக்கிப் புழு. ஒன்று அல்லது ஒன்றரைச் சென்டிமீட்டர் நீளமுள்ள இதன் வாயில் மூன்று இணைப் பற்கள் உண்டு. குடற்சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை இரத்தத்தை வீணாக்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 80 அல்லது 90 மில்லிலிட்டர். நூறு புழுக்கள் இருப்பின் நாள்தோறும் 10 மில்லிலிட்டர் போகும். ஒரு வாரத்தில் குட்டி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்புழு பால் வழியாகவும் குட்டியை அடைவதால், முட்டை மலத்தில் தோன்றுவதற்கு முன்பே குட்டி இறந்துவிடுவதும் உண்டு. உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். செந்நிறமாக இருக்கவேண்டிய ஈறு காகிதம் போல் வெளுத்திருந்து, மலமும் தார் போல் கறுத்து இருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்; புழுமருந்து மட்டுமன்றி இரத்தம் ஏற்றவும் வேண்டியிருக்கலாம்.

கொக்கிப் புழுவின் இளம்பருவம் தோலைத் துளைத்துச் செல்லும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது. கெய்ரோ நகரில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானியர், 1898 அளவில், இளம்புழுக்கள் நிறைந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். கை அரித்துச் சிவந்தது. நீரைச் சோதித்தால் புழுக்கள் பெரும்பாலும் காணப்படவில்லை. பின்னர் அவர் குடலிலேயே அப்புழுக்கள் தோன்றின. நாயின் கொக்கிப் புழுக்களும் ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பவர் தோலுக்குள் நுழைந்து நெளிநெளியான சிவந்த கோடுகளை உண்டாக்கும். அதே லூஸ் 1911-இல் இலங்கைப் புனுகுப் பூனையிலிருந்து விவரித்து அத்தீவின் பெயரையே சூட்டிய இனமொன்று, நாய்களிடமிருந்து வந்து மனிதர் குடலிலும் நிலைத்து வாழ வல்லது. எனினும் எல்லாப் பழியையும் நாயின்மேல் சுமத்துவது நேர்மையன்று. நம் ஜவ்வாது மலையில் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றிலிருந்தும் கொக்கிப் புழுக்களை எடுத்து வகைப்படுத்திய ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. மனிதரிடம் மிகுதியாகக் காணப்பட்டது மனிதர்க்கே உரிய இனம்; நாய்களிடம் மிகுந்திருந்தது நாய்க்குரிய இனம்.

இளம்புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும். வெயிலில் காய்ந்தால் மடியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் பெய்யும் மழை அதற்கு உகந்த காலம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்காலம் ஐப்பசி, கார்த்திகை. நாயைக் கட்டும் இடம் மண்தரையாக இல்லாமல் காரை பூசியதாகவும் வெயில் படுவதாகவும் இருப்பின் பாதிச் சிகிச்சை முடிந்தது எனலாம்.

வெள்ளரி விதை அல்லது அரிசி போன்ற கணுக்கள் நாயின் வால்புறத்தில் ஒட்டி நெளிவதைக் கண்டு சிலர் அஞ்சுவர். அது தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் சாதாரண நாடாப் புழு. நாய் தன் மயிரைக் கடிக்கையில் தெள்ளை விழுங்கிவிடுகிறது. தெள்ளின் உடலில் இருந்த இளம்பருவம் குடலில் வளர்கிறது. பிரேசிகுவாண்டல் இதனையும் நீக்கும். ஆனால் தெள்ளை ஒழிக்காமல் புழுவை மட்டும் நீக்கினால் மூன்று வாரங்களில் மீண்டும் வரும். சாணவண்டை விழுங்குவதால் வரும் உணவுக்குழாய்ப் புழுவும் நம் நாட்டு நாய்களிடம் உண்டு. உணவுக்குழாயின் சுவரில் கழலைகளை உண்டாக்கும் இது நாளடைவில் புற்றாகவும் மாறக்கூடும். சாணக்குவியலைக் கிளறும் பழக்கமுள்ள நாய் உண்டதை அடிக்கடி கக்கினால் இதனை ஐயுறலாம்.

இதுவரை கூறியவை வாய் வழியாகவோ தோல் வழியாகவோ பால் வழியாகவோ வருவன. கொசு வழியாக வருவது இருதயப் புழு. பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை நூல் போல் நீண்டது. நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும், மிகுந்தால் இருதயத்தின் வலப்பகுதியிலும் வாழும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். இருமல், எளிதில் களைப்பு, வயிற்றில் நீர் கோத்தல் என்பன பிந்திய அறிகுறிகள். இந்தியாவில் அஸ்ஸாம், மிசோரம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் இது மிகுதி. கேரளத்தில் இதன் உறவினமான தோலடிப் புழு காணப்படுகிறது; அது கொசு வழியாக மனிதர் கண்ணருகிலும் தோலின் கீழும் வந்து தங்குவதை அங்குள்ள மருத்துவர்கள் பலமுறை அறுத்தெடுத்துக் காட்டியுள்ளனர்.

இருதயப் புழுவைப் பொறுத்தவரை வந்தபின் தீர்ப்பது கடினம். வருமுன் காப்பது எளிது. வளர்ந்த புழுக்களைக் கொல்லும் மருந்து உண்டு. ஆனால் இறந்த புழுக்கள் இரத்தத்தோடு அடித்துச் செல்லப்பட்டு நுரையீரல் குழாய்களை அடைத்துவிடுவதால், சிகிச்சைக் காலத்தில் நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிவைக்க வேண்டும். காப்பு மருந்தோ மாதம் ஒருமுறை கொடுக்கும் சிறு அளவு ஐவர்மெக்டின். இம்மருந்தின் பிறப்பிடம் ஒரு பிடி மண். 1970-களில் ஜப்பானிய அறிஞர் சதோஷி ஓமுரா, இதோ என்னும் ஊரில் கவானா என்ற இடத்தருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரே அதனைத் தந்தது. அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் அதன் புழுக்கொல்லும் ஆற்றலை ஆராய்ந்தார். இருவரும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இம்மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். மாட்டுக்கெனச் செறிவாகச் செய்த ஐவர்மெக்டின் ஊசிமருந்தை மலிவு கருதி நாய்க்குப் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. காலி முதலிய மேய்ப்பு இன நாய்களுள் பலவற்றிற்கு, மருந்தை மூளைக்குள் புகவிடாமல் தடுக்கும் புரதம் பிறவியிலேயே குறைபட்டிருக்கிறது. இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டது. அத்தகைய நாய் மிகுந்த அளவு ஐவர்மெக்டினால் தள்ளாடிக் கண்ணிழந்து மயக்கமுற்று இறக்கக்கூடும். நகரங்களில் இப்போது அயல்நாட்டு இனங்களும் அவற்றின் கலப்புகளும் மிகுந்துவிட்டமையால், தோற்றத்தைக் கண்டு முடிவு செய்ய இயலாது. இரத்தத்தில் நுண் இளம்புழுக்கள் மிகுந்திருக்கும் நாய்க்குச் சோதனையின்றிக் காப்பு மருந்து கொடுத்தால், அவை ஒருங்கே மடிந்து அதிர்ச்சி உண்டாக்கவும் கூடும். ஆகவே முதலில் இரத்தச் சோதனை, பிறகே மருந்து. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் ஆசிரியர்கள் கையாலேயே குழந்தைகளுக்கு வழங்கப்பட்டுவரும் அல்பெண்டசோல் மாத்திரையில் மிஞ்சியதை வீட்டு நாய்க்குக் கொடுப்பதும் தவறு. அளவு மிகுந்தால் அது நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும்.

களத்தில் பணிபுரிவோர்க்கு இன்னும் ஒரு குறிப்பு. நாயின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மாத்திரையை ஒடித்துக் கொடுப்பது பரவலான பழக்கம்; பெரும்பாலும் குறைவாகவே கொடுத்துவிடுகின்றனர். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பின் தனியே நின்று, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டால் எடை சரியாகத் தெரிந்துவிடும். மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி அதன் வயிற்றிலுள்ள முட்டைகளைக் கொல்லாது. பிரேசிகுவாண்டல் கொடுத்தபின் வரும் மலமே முட்டை மிகுந்த மலம். ஆகையால் ஆட்டு மந்தையோடு திரியும் நாய்க்கு மருந்தளித்தால், இரண்டு நாட்கள் ஓரிடத்தில் கட்டிவைத்து, கைக்கு உறையிட்டு மலத்தை எடுத்து எரிக்கவோ, ஆழக் குழியில் புதைக்கவோ வேண்டும். மந்தை மறுநாளே நகர வேண்டியிருப்பின், மருந்தை அவர்கள் அடுத்துத் தங்கும் ஊரில் கொடுப்பதே நல்லது.